ஏஐ கிளாஸா, வெளிய போய் படிக்கிறதா? கடலூர் பக்கம் பிள்ளை வச்சிருக்கவங்களுக்கு

ஸ்கூல்ல ஏஐ வந்துடுச்சு, பிள்ளைங்கள அதுல விடுறதா இல்ல பழையபடி வயல், கடல்னு கூட்டிட்டு போறதானு நெறைய பெத்தவங்க கேக்குறாங்க.

செலவு: ஏஐக்கு போன், நெட் வேணும். வெளிய போறதுனா, சிதம்பரம் பக்கத்துல இருக்க பிச்சாவரம் அலையாத்தி காட்டுக்கு பஸ் காசும் படகு காசும், கட்டுச்சோறு கையில.

வசதி: ஏஐ ராத்திரி பத்து மணிக்கும் பதில் சொல்லும். வெளிய போறது ஐப்பசி கார்த்திகை மழையில நடக்காது, சித்திரை வெயில்லயும் கஷ்டம்தான்.

மனசுல நிக்கிறது: இங்கதான் பெரிய வித்தியாசம். அலையாத்தி மரம் ஏன் வேர மேல நீட்டுதுனு ஏஐ அழகா சொல்லும், ஆனா படகுல போய் சேத்துல காத்து இல்லாததால வேர் மேல வந்து மூச்சு விடுறத பாத்த பிள்ளை அத மறக்காது, கூடவே தில்லை மரத்து பால் கண்ணுல பட்டா ஆபத்துனு படகுக்கார அண்ணன் சொல்றதும், 2004 சுனாமில இந்த காடு அலையோட வேகத்த குறைச்சதும், ஊரு மேலயே ஒரு மரியாதைய உண்டாக்கிடும்.

நம்பிக்கை: ஏஐ தப்பையும் அடிச்சு சொல்லும், பெரியவங்க பக்கத்துல இருக்கணும். சாட்ஜிபிடிங்கிற ஏஐ 13 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு இல்லனு அவங்க விதியே சொல்லுது.

என் கருத்து, அஞ்சாவது வரைக்கும் வெளிய விடுங்க. பத்தாவது, பன்னெண்டாவதுல ஒரே கணக்க பத்து தடவ கேக்க கூச்சப்படுற பிள்ளைக்கு ஏஐ நல்ல துணை. நடுவுல இருக்கவங்க முதல்ல போய் பாத்துட்டு வந்து, அப்புறம் ஏஐகிட்ட கேள்வி கேக்கட்டும்.