42,750 ரூபாவுக்கு ஒரு கிட்டார் வயர்

42,750 ரூபா. தொகையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மூன்று நாட்களாகச் சாப்பிடும்போதும் படுக்கும்போதும் வேறு எந்த எண்ணும் என் தலைக்குள் வரவில்லை. கிளிநொச்சியில் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று கமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிற எனக்கு அது மூன்று சாமத்திய வீட்டின் மிச்சம். அந்தக் காசைக் கொடுத்து நான் வாங்கியது இரண்டு முழ வயர். சிறிய விமானங்களில் விமானி அறைக் குரலைப் பதிவு செய்வதற்கென்று இணையத்தில் விற்கப்படும் இணைப்பு வயர்களை வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

வன்னியில் இருப்பவனுக்கு விமானி அறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அக்காவின் மகன் இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகுகிறான். செஸ்னா 152, இரண்டே இருக்கை. இடப்பக்கம் மருமகன், வலப்பக்கம் பயிற்றுநர். பெரிய பயணிகள் விமானத்தில் குரல் பதிவுப் பெட்டி கட்டாயம். இந்தக் குருவியில் அப்படி எதுவும் இல்லை. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் அனுமதியை விமானி திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். அந்த இடத்தில்தான் அவனுக்கு நாக்குப் பிரளும். தரையிறங்கிய பிறகு எங்கே பிழைத்தது என்று யோசித்தால் பாதி மறந்துவிடுகிறது, பதிவு செய்து திரும்பக் கேட்டால் பிடிபடும் மாமா என்றான். போனை மடியில் வைத்துப் பதிவு செய்தும் பார்த்திருக்கிறான். இயந்திரத்தின் இரைச்சலைத் தவிர ஒன்றும் விழவில்லை. அங்கே பேச்செல்லாம் ஹெட்செட்டுக்குள்தானே நடக்கிறது.

இன்னொரு காரணம் அம்மா. அவருக்கு 74 வயது. வானத்தில் எது இரைந்தாலும் இன்னமும் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார். வேவு விமானத்தை வண்டு என்றும் குண்டு போட வருவதைக் கிபிர் என்றும் சத்தத்திலேயே பிரித்தறிந்து எங்களைப் பதுங்குகுழிக்குள் தள்ளிய காது அது. பேரன் விமானம் பழகுகிறான் என்றதும் முறிகண்டிப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். பிறகு ஒரு நாள், “மேலே நின்று அவன் கதைப்பதை ஒருமுறை கேட்டால் எனக்குப் பயம் தெளியும்” என்றார். அவன் முதன்முதலாகத் தனியே பறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாளின் குரலை அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவதென்று நானாகவே முடிவெடுத்தேன்.

தேடியது ஒரு இணையச் சந்தையில். பெயர் சொல்ல விரும்பவில்லை; யார் வேண்டுமானாலும் கடை போடலாம், நம்பகமானவர் என்று பச்சை அடையாளம் குத்திக் கொடுப்பார்கள், அந்த வகை. “விமானி ஹெட்செட் ஒலிப்பதிவு இணைப்பு, போனுக்கும் கமராவுக்கும்” என்று போட்டு 47,500 ரூபா விலை. படத்தில் கறுப்பு உறை போட்ட வயர், நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு சிறு பெட்டி, அதன் மேல் விமானப் படம். கீழே ஒரு தொலைபேசி இலக்கம். எடுத்தேன்.

தமிழில் பேசினான். அதுவும் எங்கள் தமிழில். நான் கிளிநொச்சி என்றதும், “அண்ணை, நானும் புதுக்குடியிருப்புப் பக்கம்தான். 2009இல் கடைசி வரைக்கும் உள்ளே நின்று வந்த ஆட்கள்” என்றான். அந்த ஒரு வசனத்தோடு என் கேள்விகள் முடிந்துவிட்டன. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. அந்த மாதங்களைக் கடந்து வந்த ஒருவன் இன்னொருவனிடம் பொய் சொல்ல மாட்டான் என்று நான் நினைத்தேன். அவன் உண்மையிலேயே புதுக்குடியிருப்போ, அல்லது கொழும்பில் ஏதோ அறையில் இருந்துகொண்டு இடத்துக்கு இடம் ஊரை மாற்றிச் சொல்கிறவனோ, யாருக்குத் தெரியும்? உண்மையாக இருந்தால் இன்னும் மோசம்.

விஷயம் தெரியாதவனும் இல்லை. அதுதான் என்னை விழுத்தியது. விமான ஹெட்செட்டில் இரண்டு பிளக் இருக்கும், காதுக்கு 6.3 மில்லிமீற்றர், மைக்குக்கு அதைவிட மெலிந்தது, ஹெலிகொப்டர் என்றால் ஒன்றே ஒன்று, உங்கள் மருமகனுக்கு எது என்று கேட்டான். மைக் பக்கத்தைத் தொடவே வேண்டாம், அந்த மைக்குக்கு விமானம் 8 முதல் 16 வோல்ட் வரை கொடுக்கிறது, போனுக்கு அதைக் கொடுக்க முடியாது, காதுப் பக்கத்து இணைப்பிலிருந்து ஒலியை எடுத்தால் கோபுரமும் பயிற்றுநரும் அவனுடைய சொந்தக் குரலும் ஒன்றாகவே வரும் என்றான். போதாததற்கு டேவிட் வாரன் கதை வேறு. 1953, 54இல் கொமெட் விமானங்கள் அடுத்தடுத்து விழுந்தபோது, விமானிகளின் பேச்சு பதிவாகியிருந்தால் காரணம் தெரிந்திருக்குமே என்று யோசித்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி அவர். 1934இல் விமான விபத்தில் தகப்பனைப் பறிகொடுத்தவர். பிறகு தேடிப் பார்த்தேன். வோல்ட் கணக்கும் சரி, வாரன் கதையும் சரி. விற்ற பொருளைத் தவிர அவன் சொன்ன எல்லாமே உண்மை!

கடைசியில், “அண்ணை, தளத்தால் எடுத்தால் எனக்குக் கழிவு வெட்டுவார்கள். எங்கட ஊர் ஆள், உங்களிடம் அதை வாங்க மனம் வரவில்லை. நேரடியாக வங்கியில் போடுங்கள், 42,750” என்றான். விலையைக் குறைத்ததற்கு நான் நன்றி வேறு சொன்னேன். அன்று பின்னேரமே போட்டேன். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பியதும் கும்பிடும் கையும் இதயமும் வந்தன.

ஐந்தாம் நாள் பொதி வந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. அன்றிரவே கொழும்பு பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். அங்கே ஐப்பசி மழை. பின்னேரமானால் இடியும் மின்னலும். நான்கு முறை பறப்பு தள்ளிப்போனது. அவன் அதை விமானத்தில் செருகியபோது பொதி கைக்கு வந்து பதினொரு நாள்.

நடந்ததை அவன் வாயால் கேட்டபோது எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. பயிற்றுநரிடம் முறையாக அனுமதி கேட்டுத்தான் செருகியிருக்கிறான். ஓடுபாதையை நோக்கி உருளும்போது காதில் சத்தம் கிணற்றுக்குள் போனதுபோல் தேய்ந்திருக்கிறது. கோபுரம் அழைத்தது அவனுக்கு விளங்கவில்லை. பயிற்றுநருக்கும் மங்கலாகத்தான் கேட்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் போனில் வைத்திருந்த நினைவூட்டல் மணி ஹெட்செட்டுக்குள் அடித்ததாம். பயிற்றுநர் எட்டி வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, விமானத்தை நிறுத்தி, திரும்பக் கேட்டு, அதன் பிறகுதான் நகர்த்தினார். இறங்கியதும் ஒரே வார்த்தை: இனி என் விமானத்தில் எந்தப் பதிவுச் சாமானும் ஏறாது. அவர் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. தரையிலேயே நடந்தது புண்ணியம்.

போனில் பதிவானது ஆறு நிமிட இரைச்சல். போனின் சொந்த மைக் வாங்கிய இரைச்சல்.

அன்றிரவே வயரை விற்றவனுக்கு அழைத்தேன். முதல் நாள்: “போன் பிழையாக இருக்கும் அண்ணை, வேறு போனில் பாருங்கள்.” இரண்டாம் நாள்: “அப்டேட் செய்தீர்களா?” மூன்றாம் நாள்: “விமானத்தின் இணைப்பு பழையதாக இருக்கும், எத்தனை வருட விமானம்?” நான்காம் நாள் பொதி பிரித்த வீடியோ கேட்டான். கல்யாண வீடியோ எடுக்கிறவனிடம் பொதி பிரித்த வீடியோ! எடுக்கவில்லை. “அப்படியென்றால் நீங்கள் வயரை மாற்றியிருக்கலாம், நான் எப்படி நம்புவது?” என்றான். 42,750 ரூபாவை வாங்கியவன் என்னை நம்ப முடியாது என்கிறான். ஐந்தாம் நாள், ஏழு நாள் உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டது என்று ஒரு குரல் பதிவு. அதில் அண்ணை காணாமல் போய் சேர் ஆகிவிட்டேன். ஊர்த் தமிழும் காணாமல் போயிருந்தது. ஆறாம் நாளிலிருந்து என் இலக்கத்தை மறித்துவிட்டான்.

தளத்துக்கு எழுதினேன். முதலில் ஒரு இயந்திரம், உங்கள் ஓடர் இலக்கத்தைத் தாருங்கள் என்றது. இல்லை என்றேன். ஓடர் இலக்கத்தைத் தாருங்கள் என்றது. இரண்டு நாள் கழித்து ஒரு மனிதர் வந்து, தளத்துக்கு வெளியே நடந்த கொடுக்கல் வாங்கலுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். சரி, அது என் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடைக்குப் பச்சை அடையாளம் கொடுத்தது யார், இலக்கத்தை அங்கே போட விட்டது யார் என்று கேட்டேன். உங்கள் கருத்து உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அவ்வளவுதான்.

மருமகன் வயரைத் திருப்பி அனுப்பினான். அழகான அந்தப் பெட்டியைக் கத்தியால் பிளந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. சத்தியமாக ஒன்றுமே இல்லை; நேராக ஓடும் இரண்டு கம்பியும் சூடாக்கி ஊற்றிய பசையும்தான். காதுக்குப் போகும் ஒலி மைக் துளைக்கு மிகமிகப் பலமானது. அதைக் குறைக்கத் தடையிகள் வேண்டும். அதற்குத்தான் அந்தப் பெட்டி, அதற்குத்தான் அந்த விலை. கறுப்பு உறையை உரித்தால் அடியில் கிட்டார்க்காரர்கள் பாவிக்கும் சாதாரணப் பிரிப்பு வயர். போன் பக்கத்துப் பிளக்கில் இரண்டு கறுப்புக் கோடு. மைக் உள்ள பிளக் என்றால் மூன்று கோடு இருக்க வேண்டும். இரண்டு கோட்டைக் கண்ட போன், இது வெறும் காதுக்கருவி என்று எடுத்துக்கொண்டு தன் மைக்காலேயே பதிவு செய்தது. விமானத்தின் ஒலி போய்ப் போனின் ஒலி வெளியேறும் வாயில் முட்டி நின்றது. காதில் சத்தம் வடிந்ததும், மணி ஹெட்செட்டுக்குள் அடித்ததும் அதனால்தான். இருபது வருடமாகத் தினம் பிளக் செருகுகிற தொழில் எனக்கு. பொதியைப் பிரித்தவுடன் அந்த இரண்டு கோட்டைப் பார்த்திருக்க வேண்டாமா? பார்க்கவில்லை. எங்கட ஊர் ஆள் அனுப்பிய சாமானை யார் குனிந்து பார்ப்பது?

இதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கக்கேடு முழுதாகவே வெளியே வரட்டும். கனடாவில் ஒரு சொந்தக்காரர் வார இறுதிகளில் சிறிய விமானம் ஓட்டுகிறவர். நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “உங்களிடம் மாப்பிள்ளைக்குக் குத்துகிற குட்டி மைக் இருக்கிறதல்லவா? அதை ஹெட்செட்டின் காது மெத்தைக்கு உள்ளே வைத்து, வயரைச் சிறு பதிவுக் கருவிக்குக் கொடுத்துச் சட்டைப் பைக்குள் போடுங்கள். விமானத்தின் எந்தத் துளையிலும் கை வைக்க வேண்டாம். மெத்தை இடைவெளி விடாமல் பொருந்த வேண்டும், அது மட்டும்தான்” என்றார். அந்தக் குட்டி மைக் என் பையில் நான்கு கிடக்கிறது. பதிவுக் கருவி இரண்டு. வீட்டிலிருந்து ஒரு சதமும் செலவழிக்காமல் முடிந்திருக்கும் வேலைக்கு 42,750 ரூபா.

மூன்று நாளைக்கு முன் மருமகன் தனியே பறந்தான். ஒரே ஒரு சுற்று, நல்லபடியாக இறங்கினான். பயிற்றுநர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. எந்தப் பதிவும் இல்லை. அம்மாவுக்கு என்னிடம் இருந்தது அந்த ஆறு நிமிடம்தான். போட்டுக் காட்டாமல் இருந்திருக்கலாம். கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார். “இரைகிறது. அவன் குரல் எங்கே?” என்றார்.

விரிவாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். நேரம் பதினொன்று தாண்டிவிட்டது, எழுத எழுத இரத்தம்தான் கொதிக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். தளத்தை விட்டு வெளியே வந்து காசு போடாதீர்கள், சொந்தத் தம்பி கேட்டாலும். பொதி பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பிளக்கில் கறுப்புக் கோட்டை எண்ணுங்கள். எந்த வயரானாலும் முதலில் விமானம் நிற்கும்போது, இயந்திரம் ஓடாமல், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கச் செருகிக் கேளுங்கள். போனைப் பறப்பு நிலையில் போட்டு மணி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பயிற்றுநருக்குத் தெரியாமல் எதையும் பதிவு செய்யாதீர்கள். அதற்கு முன் வீட்டில் குட்டி மைக் இருக்கிறதா என்று பாருங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு எழுதி வைத்திருக்கிறேன். வங்கிப் பற்றுச்சீட்டு, அவன் அனுப்பிய குரல் பதிவுகள், பிளந்த வயர் எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கின்றன. நாளைக் காலை கொண்டுபோகிறேன். பத்து மணிக்குப் பரந்தனில் ஒரு சாமத்திய வீடு, அதற்குள் கொடுத்துவிட வேண்டும்.