பழைய ஹொண்டா சி90 காபரேற்றர்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

ஹொண்டா சி90 அல்லது எம்.டி.90 மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஒருவருக்கு, காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) தொல்லை கொடுக்கத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் நான்கு வழிகள் உள்ளன. ஜப்பானிய அசல் பாகங்களைத் தேடி எடுப்பிக்கலாம். இந்தியத் தயாரிப்பான ஜெற்றுகளையும் (பெற்றோல் பாயும் நுண்துளைத் திருகுகள்) ரிப்பெயார் கிற்றையும் போட்டு, காபரேற்றரின் பழைய உடலையே தொடர்ந்து பாவிக்கலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்தோ உள்ளூரில் உடைத்த வண்டியிலிருந்தோ பாவித்த காபரேற்றர் ஒன்றை வாங்கலாம். அல்லது பெட்டியோடு வரும் சீனத்துப் புதுக் காபரேற்றரை முழுதாகப் பூட்டிவிடலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, வேறு காலத்தில் விற்றிருக்கக்கூடிய பல பழைய வண்டிகளை மக்கள் திருத்தி வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியபோதும் புது வண்டியின் விலை எல்லோருக்கும் எட்டுவதாக இல்லை. ஆகவே இந்த நான்கையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் இருக்கிறது.

எதையும் வாங்குவதற்கு முன்னர் பார்க்க வேண்டியது உடலின் தேய்மானம். எஞ்சின் இழுக்கும் காற்று, அக்சிலேற்றரோடு ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறந்து மூடும் சிலைட்டை எப்போதும் எஞ்சின் பக்கமாகவே அழுத்துவதால், பல ஆண்டுகள் ஓடிய காபரேற்றரில் சிலைட்டும் அது ஏறி இறங்கும் துளையும் அந்தப் பக்கத்திலேயே தேய்கின்றன. சிலைட்டைக் கழற்றி, அதன் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீண்டும் உள்ளே விட்டு, விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். தெளிவாக ஆடுகிறது என்றால், எந்த ஜெற்றைப் போட்டாலும் ஐடில் (அக்சிலேற்றர் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) நிலைக்காது. கராஜில் இந்தச் சோதனையைச் செய்யாமல் கிற் ஒன்றை மாற்றிவிட்டு, பிறகு பிளக்கையும் கொயிலையும் சந்தேகப்படும் பழக்கம் பரவலாக இருக்கிறது. உடல் நல்லதா தேய்ந்ததா என்ற இந்த ஒரு விடைதான் மேற்சொன்ன நான்கு வழிகளில் எது பொருத்தம் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஜப்பானிய அசல் பாகங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவை பொருந்தும், நீண்ட காலம் உழைக்கும், விலையும் அதிகம், வந்து சேரக் காத்திருக்கவும் வேண்டும். எல்லாப் பாகங்களையும் அப்படி எடுப்பிப்பது வீண் செலவு என்றே நினைக்கிறேன். ஆனால் பெற்றோல் கிண்ணம் நிரம்பியதும் வரத்தை மூடும் மிதவை ஊசியும் அது அமரும் இருக்கையும் மட்டும் அசலாக இருப்பது நல்லது. மலிவான கிற்றில் வரும் ஊசியின் நுனி சரியாக அமராவிட்டால் கிண்ணம் நிரம்பி வழிந்து, வண்டி நின்ற இடத்தில் பெற்றோல் மணக்கும். நுனியில் கறுப்பு ரப்பர் உள்ள ஊசியையே கேட்டு வாங்க வேண்டும். வெறும் உலோக நுனி உள்ளது தூசி படிந்தவுடன் கசியத் தொடங்கிவிடும்.

இந்தியப் பாகங்கள் விடயத்தில்தான் அதிக குழப்பமும் அதிக பயனும் சேர்ந்து கிடக்கின்றன. ஹொண்டா சி90இன் 89 சீசீ எஞ்சினும் ஹீரோ ஹொண்டா சி.டி.100இன் 97.2 சீசீ எஞ்சினும் ஒரே கிடைமட்ட எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் சிலிண்டர் விட்டமும் 50 மி.மீ. இரண்டுக்குமே ஜப்பானின் கெய்ஹின் நிறுவனத்து வகைக் காபரேற்றர்கள் பாவிக்கப்பட்டன. சி.டி.100இன் பாகங்கள் நமது ஊரில் தாராளமாகக் கிடைப்பதால், அதன் ஜெற்றுகளைப் பழைய கெய்ஹின் உடலில் முயன்று பார்ப்பது நியாயமானதே. ஆனால் வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் புரியின் இடைவெளியோ ஜெற்றின் நீளமோ மாறுபடலாம். விரலாலேயே முழுதாகத் திருக முடிய வேண்டும்; இரண்டு சுற்றில் இறுகினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சாவி போட்டு இறுக்கினால் பழுதாவது புது ஜெற் அல்ல, மாற்ற முடியாத பழைய உடல்.

இதைவிடப் பெரிய பொறி எண்களில் இருக்கிறது. கெய்ஹின் மெயின் ஜெற்றில் (அக்சிலேற்றரை அதிகம் திறக்கும்போது பெற்றோல் தருவது) பொறிக்கப்படும் எண் துளையின் விட்டத்தை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது: 75 என்றால் 0.75 மி.மீ. இன்னொரு ஜப்பானிய நிறுவனமான மிக்குனியின் அறுகோண மெயின் ஜெற்றில் உள்ள எண்ணோ, அதன் வழியாக எவ்வளவு எரிபொருள் பாய்கிறது என்ற அளவைச் சார்ந்தது. ஆகவே கெய்ஹின் 80 இல்லையென்று மிக்குனி 80ஐத் தருபவர், நல்லெண்ணத்தோடு தந்தாலும், வேறொரு அளவையே தருகிறார். சென்னையில் மிக்குனியின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு உகால் நிறுவனம் தயாரித்த காபரேற்றர்கள் பல இந்திய வண்டிகளில் வந்திருப்பதால், கடைப் பெட்டிகளில் இரு குடும்பத்து ஜெற்றுகளும் கலந்தே கிடக்கின்றன. ஒரே குடும்பத்துக்குள்ளும் எண் வித்தியாசத்தைச் சிறிதாக எண்ணிவிடக் கூடாது. 75இலிருந்து 80க்குப் போகும்போது விட்டம் கூடுவது 0.05 மி.மீ. மட்டுமே, ஆனால் துளையின் பரப்பு ஏறக்குறைய 14 சதவீதம் கூடுகிறது. மலிவான ஜெற்றில் பொறித்த எண்ணை நம்பாமல், சிறு துரப்பண ஊசியின் மழமழப்பான பின்புறத்தை விட்டு அளந்து பார்ப்பதே பாதுகாப்பு.

பாவித்த காபரேற்றரைப் பலர் முதல் தெரிவாகக் கொள்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். "ஒறிஜினல் ஜப்பான் சாமான், அண்ணை" என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உங்களுடையது எந்த இடத்தில் தேய்ந்ததோ, அதே இடத்தில்தான் அதுவும் தேய்ந்திருக்கும். குடாநாட்டிலேயே உடைத்த வண்டியின் காபரேற்றர் என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே மோட்டார் சைக்கிள்களைச் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்தக் காலத்தைக் கடந்து வந்த ஜெற்றைக் கம்பியால் குத்தித் துளையைப் பெருப்பித்திருந்தால், அதில் பொறித்த எண்ணுக்கு இனி அர்த்தமில்லை. 2022இல் எரிபொருள் பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்றிருந்தபோது மூலையில் நிறுத்தப்பட்ட வண்டிகளின் குறைந்த வேகத்துக்கான சிறிய பைலட் ஜெற்றுகள் காய்ந்த பெற்றோல் பிசினால் அடைபட்டதும் உண்டு. அது கழுவினால் போய்விடும், தேய்மானம் போகாது. பாவித்ததை வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், சிலைட்டை ஆட்டிப் பார்ப்பதோடு, எஞ்சினோடு பொருந்தும் முகத்தைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, அது வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆணிகளை அளவுக்கு மீறி இறுக்கிய காபரேற்றரில் அந்த முகம் வில்லாக வளைந்து, இடுக்கால் காற்றை இழுக்கும்.

சீனத்து பி.இசட்.19 காபரேற்றரை நமது மெக்கானிக்குகள் ஏளனமாகப் பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உடல் தேய்ந்துவிட்ட நிலையில், புதிய துளையும் புதிய சிலைட்டும் கொண்ட மலிவான காபரேற்றர், தேய்ந்த அசலைவிட நிச்சயம் ஒழுங்காக வேலை செய்யும். 19 மி.மீ. வாய் 89 சீசீ எஞ்சினுக்குச் சற்றுத் தாராளம்தான். ஜெற்றைச் சரியாகத் தெரிந்தெடுத்தால் அது பெரிய குறையாகத் தெரியாது. பி.இசட்.26ஐ வாங்கிவிடக் கூடாது; அது சி.ஜி.125 போன்ற வண்டிகளுக்கானது, இந்தச் சிறிய எஞ்சினில் குறைந்த வேகத்தில் வண்டி திணறும். பூட்டிய பின் கலவைத் திருகு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காற்று வடிகட்டிப் பக்கத்தில் இருந்தால் அது காற்றுத் திருகு, உள்ளே திருகினால் பெற்றோல் கூடும். எஞ்சின் பக்கத்தில் இருந்தால் அது பெற்றோல் திருகு, வெளியே திருகினால்தான் கூடும்.

பூட்டும் வேலையில் கவனிக்கப்படாமல் போகும் ஒன்று பெற்றோல் குழாய். பழைய சி90 காபரேற்றரில் பெற்றோலைத் திறந்து மூடும் திருகி உடலோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும். தாங்கியிலிருந்து பிரதான குழாயும் றிசேர்வ் குழாயும் தனித்தனியே அதற்குள் வரும். பி.இசட்.19இலோ ஒரே ஒரு நுழைவாய்தான் உண்டு. றிசேர்வ் குழாயை அடைத்துவிட்டால் தாங்கியின் அடியில் உள்ள பெற்றோல் பயன்படாமல் கிடக்கும். அதை மட்டும் இணைத்தால் பெற்றோல் தீரப்போகிறது என்ற எச்சரிக்கையே இல்லாமல் வண்டி நடுவழியில் நின்றுவிடும். இரண்டு வழி நுழைந்து ஒரு வழி வெளியேறும் தனித் திருகி ஒன்றை இடையில் பூட்டினால் இரண்டு சிக்கலும் தீரும். பருத்தித்துறைப் பக்கமிருந்து தினமும் நகரத்துக்கு வந்து போகிறவர், காபரேற்றரோடு அதையும் சேர்த்தே வாங்கிவிட வேண்டும்.