பழைய டர்போவைச் சீர்செய்வதா, பெரியதை மாட்டுவதா?

ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் போன்ற, 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய காரை மதுரையில் வைத்திருப்பவருக்கு, டர்போ (புகைவாயுவின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) தேய்ந்ததும் இரண்டு வழிகள் உண்டு: இருப்பதையே பிரித்துச் சீர்செய்வது, அல்லது பெரியதாக ஒன்றை மாட்டுவது.

பெரிய டர்போ கூடுதல் குதிரைத்திறன் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது சுழன்று வேகமெடுக்கத் தாமதமாகும் என்பதால், கோரிப்பாளையம் நெரிசலில் அத்திறனுக்கு வேலையே இல்லை. மேலூர் நான்குவழிச் சாலையில்தான் அதை உணரலாம். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், கிளட்ச், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் மென்பொருள் என்று செலவும் நீளும். கத்திரி வெயிலில் டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை இன்டர்கூலர் போதிய அளவு குளிர்விக்காதபோது, எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானே வெடித்து எஞ்சின் தட்டும் (நாக்கிங்) அபாயமும் உண்டு. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதையும் மறக்கலாகாது.

ஆகவே, சீர்செய்வதையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போவின் சுழல்தண்டு முனையை விரல்களால் பிடித்து அசைத்துப் பாருங்கள்: பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இயல்பு, முன்னும் பின்னும் நகர்வது கையில் தெரிந்தாலோ, இறக்கைகள் கூட்டை உரசிய கீறல் இருந்தாலோ, பேரிங் தேய்ந்துவிட்டது. டர்போவைப் புதுப்பித்துவிட்டு, கரி படிந்த பழைய ஆயில் குழாயையே திரும்ப மாட்டுவது பெரும் தவறு. எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, உறிஞ்சு குழாயின் சல்லடையையும் கசடு நீங்கச் சுத்தம் செய்து, முழு சிந்தெடிக் ஆயிலையே ஊற்ற வேண்டும். வேகமாக ஓட்டி வந்தபின் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால், டர்போவுக்குள் ஆயில் கருகாது.