ஐந்து வாட், ஒரு கம்பி, பக்கத்துத் தோட்டத்து வேலி

"மலை மேல் இருக்கிறீர்கள், உங்களுக்கென்ன? ஊதினாலே ஜப்பானுக்குக் கேட்குமே" என்பார்கள் சமவெளியில் இருக்கும் ஹாம் நண்பர்கள். கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில் 2019 முதல் ஐந்து வாட் திறனுக்கு மேல் போகாமல் ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோ, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பிறரோடு பேசும் நிலையம், இயக்கி வருகிறேன். நண்பர்கள் சொல்வதில் கால்பங்குதான் உண்மை. 144 மெகாஹெர்ட்ஸ் கைக்கருவியோடு மேட்டில் ஏறி நின்றால் உயரம் கைகொடுக்கும்; கண்ணுக்குத் தெரியும் தூரமெல்லாம் எட்டும். தொலைதூரம் போகும் சிற்றலைக்கு (ஷார்ட்வேவ்) அது பொருந்தாது. 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம் என்னும் மின்னூட்டம் பெற்ற காற்றுப் படலத்தில் பட்டுத் திரும்பும் அலைக்கு நம்முடைய இரண்டு கிலோமீட்டர் மேடு ஒரு பொருட்டா? எனக்கு உதவியது உயரமல்ல, சரிவு. வீட்டுக்கு வடக்கே நிலம் பழனிப் பக்கமாக இறங்கிப் போகிறது. அதனால் அந்தத் திசையில் அலை தாழ்வான கோணத்தில் கிளம்புகிறது. ஐரோப்பா வடமேற்கில் இருப்பது என் அதிர்ஷ்டம். தெற்கே மேடு மறைப்பதால் அந்தப் பக்கம் தொடர்பு குறைவு.

முதல் கருவியை, உரிமம் கைக்கு வந்த கையோடு, நானே கட்டினேன். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்னும், அனுப்பவும் கேட்கவும் உதவும் மின்சுற்றுதான் அடிப்படை; எளிதில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களே போதும் என்பதால் அதைத் தேர்ந்தேன். அதிர்வெண்ணை உண்டாக்கும் அலையியற்றியின் சுருளைக் குழாய் வாஷரில் சுற்றினேன். ஜனவரிக் காலையில் இயக்கினால் அறை சூடேறும்வரை அதிர்வெண் நகர்ந்துகொண்டே இருக்கும், எதிர்முனைக்காரர் குரல் வாத்துக் குரலாகிவிடும். ஒரு குளிர்காலம் பொறுத்துவிட்டு, படிக அடிப்படையிலான சிப் ஒன்றுக்கு மாறினேன். ஆன்டெனாவை இணைக்காமல் அனுப்பும் பொத்தானை அழுத்தி மூன்று ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர்களைக் கொன்ற பாவமும் என்னுடையதே. பின்னர் 7 மெகாஹெர்ட்ஸில் மோர்ஸுக்கென்று தனியாக ஒன்று கட்டினேன். இன்று அதிகம் உழைப்பது அதுதான்.

ஐந்து வாட் என்றதும் பலருக்கு இளக்காரம். கணக்கைப் பார்த்தால் அந்த இளக்காரம் நிற்காது. நூறு வாட்டுக்கும் ஐந்து வாட்டுக்கும் இடைவெளி 13 டெசிபெல். வரும் அலையின் வலிமையை எஸ்1, எஸ்2 என்று படிகளில் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபெல். ஆக, நூறு வாட் நிலையம் எஸ்9-இல் கேட்டால் என்னுடையது ஏறத்தாழ எஸ்7-இல் கேட்கும். இருபதில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டு படிகளே இழப்பு. ஆனால் எதிர்முனையில் இரைச்சலே எஸ்7 இருந்தால் நான் அவருக்கு இல்லை. இந்த விளையாட்டில் எதிரி இரைச்சல்தான்.

இரைச்சலுக்கு முன் ஆன்டெனாவை முடித்துவிடுகிறேன். 7 மெகாஹெர்ட்ஸுக்கான டைபோல், அதாவது நடுவில் இணைப்புக் கொடுத்த இரு கைக் கம்பி, மொத்தம் சுமார் 20 மீட்டர் செம்புக் கம்பி. நடுப்பகுதி மூங்கில் கம்பத்தில், இரு முனைகளும் சரிந்து இறங்கும். "என்ன தம்பி, கொடி கட்டி மாதக்கணக்காகிறது, துணியே காயவில்லையே?" என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா. ஒரு முனையைத் தலை உயரத்தில் கொய்யா மரத்தில் கட்டியது என் மடத்தனம். மூன்றாம் மாதமே இரவில் வந்த காட்டுமாடு கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. காலையில் பாதிக் கம்பி கேரட் பாத்தியில் கிடந்தது. இப்போது முனைகளை நான்கு மீட்டருக்குக் கீழே விடுவதில்லை. குரங்குகள் கடிப்பதால் ஆன்டெனாவிலிருந்து கருவிக்கு வரும் கோஆக்சியல் கேபிளை பிவிசி குழாய்க்குள் விட்டிருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களிலும் ஐப்பசியிலும் இடி கேட்கும்முன்பே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுவேன். இதில் சோம்பல் கூடாது.

தொடர்புகளைப் பொறுத்தவரை, காலை எட்டு மணி வாக்கில் 7 மெகாஹெர்ட்ஸில் பெங்களூரு, சென்னை, திருவனந்தபுரம், கொழும்பு எல்லாம் எளிது. பொழுது சாயும்போது 14 மெகாஹெர்ட்ஸில் ஐரோப்பா. 2020-இல் சூரியன் உறங்கிக்கொண்டிருந்தது. 28 மெகாஹெர்ட்ஸில் நாள்கணக்கில் வெறும் சீறல். 2023, 24-இல் அதே அலைவரிசையில் பட்டப்பகலில் ஐந்து வாட்டுக்கு ஆஸ்திரேலியா பதில் தந்தது. என் கருவியில் ஒரு திருகுகூட மாறவில்லை, சூரியனில் கரும்புள்ளிகள் கூடி, அயனி மண்டலம் வலுத்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது எங்கள் ஊர் வான் ஆய்வகத்தில்தான். அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் உள்ளே ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன்.

பேச ஆள் இல்லாத நாள்களில் விஸ்பர் முறை: மிகக் குறைந்த திறனில் கணினி தானே அனுப்பும், எங்கெல்லாம் கேட்டது என்று பிற நிலையங்கள் பதிவு செய்யும். இயற்பியலில் 1993-இன் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் உருவாக்கியது. என் நிலையத்தின் அழைப்புக்குறி, இருப்பிடத்தைச் சொல்லும் எம்கே80 என்ற கட்டக் குறி, திறன் அளவு, இவ்வளவையும் அனுப்ப ஏறக்குறைய இரண்டு நிமிடம். 200 மில்லிவாட்டில் போட்டுவிட்டுத் தூங்கி எழுந்தால் பெர்த்திலும் இத்தாலியிலும் கேட்டதாகப் பட்டியல் இருக்கும். உண்மையைச் சொன்னால், வியப்பு ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. மோர்ஸில் தட்டுத் தடுமாறி ஒருவர் என் பெயரைத் திருப்பிக் கேட்பதற்கு அது ஈடாகாது.

இனி இரைச்சல். ஊரில் மின்வெட்டு என்றால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். நான் ஹெட்போனை எடுப்பேன். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாலைக்குத் தாராளம். எல்இடி பல்புகளும் சார்ஜர்களும் அடங்கியதும் எஸ்6-இல் இருந்த இரைச்சல் எஸ்2-க்கு இறங்கும், அதன் அடியில் இருந்து நிலையங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஆனால் மின்வெட்டிலும் நிற்காத ஒரு 'டக், டக்' மட்டும் நொடிக்கொரு முறை அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு வாரம் என் கருவியையே பிரித்துப் பார்த்தேன். ஒருநாள் சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓசை கூடும் பக்கமாக நடந்தேன். பெரியம்மாவின் சோலார் வேலியில் போய் நின்றது. காட்டுமாட்டுக்காகப் போட்ட வேலி. மேட்டு மூலையில் ஈரப் புல் கம்பியைத் தொட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் பொறி பறந்துகொண்டிருந்தது. வேலியை அணைத்துவிட்டு, அரிவாளால் புல்லை அறுத்து, விரிசல் விட்ட ஒரு இன்சுலேட்டரையும் மாற்றினோம். அன்றிரவு அலைவரிசை கழுவிவிட்டது போல இருந்தது.

மழைக்காலத்தில் புல் மறுபடி வளரும், டக்டக் மறுபடி வரும். பெரியம்மா இப்போதெல்லாம் வேலியைச் சுற்றி நடப்பதில்லை. சாயங்காலம் வாசலில் நின்று குரல் கொடுக்கிறார்: "தம்பி, இன்றைக்கு உங்கள் பெட்டியில் என் வேலி கேட்கிறதா?"