ஸ்போர்ட்ஸ் காருக்குக் குளிர்கால டயர்: அழகு போச்சு, பிடிமானம் வந்தது

பின்சக்கர டிரைவ் ஸ்போர்ட்ஸ் காரைப் பனியில் ஓட்ட முடியுமா என்றால், நான்கு சக்கரத்திலும் குளிர்கால டயர் இருந்தால் தாராளமாக ஓட்டலாம். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிமானத்தை இழக்கும். குளிர்கால டயரோ குளிரிலும் நகத்தால் அழுத்தினால் அமுங்குகிறது, டயரின் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு ரப்பர் கட்டையிலும் நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள், பனியைக் கவ்வுவது அவைதான். சக்கர அளவில் 19 அங்குலத்திலிருந்து 18-க்கு இறங்கி டயரின் அகலத்தையும் கொஞ்சம் குறைத்தேன் (பிரேக் வட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் சின்னச் சக்கரத்தில் இடிக்காதா என்று முதலில் பாருங்கள்). காய்ந்த சாலையில் ஸ்டீயரிங்கின் பழைய கூர்மை இல்லை, வளைவில் சற்றே தளர்கிறது. சரி, பனியில் பிரேக் மிதித்தால் கார் ஒழுங்காக நிற்கிறதே, அப்புறம் என்ன! காசை மிச்சம் பிடிக்கப் பின்னால் மட்டும் இரண்டு மாட்டிவிடாதீர்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் முன்பக்கம் நேராக வழுக்கிக்கொண்டு போகும்.