சாய்ந்த மரத்தை நிமிர்த்தவா, கழிக்கவா, போத்து நடவா?

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்துவிட்டுப் போனதும் எங்கள் குளக்கரையில் அரசமரம் வேர்மூடோடு சாய்ந்து கிடந்தது. பக்கத்து வேம்பு பாதிக் கொப்பு முறிந்து நின்றது. ரெண்டையும் மரம் வாங்கும் தடிக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்றார்கள் சிலர், ஜேசிபி வைத்து நிமிர்த்துவோம் என்றார்கள் சிலர்.

நிமிர்த்துவது பார்க்கப் பெரிய வேலை, ஊரே கூடிப் படம் எடுக்கும். ஆல், அரசு போன்றவற்றுக்குத்தான் அது தோது. முதிர்ந்த வேம்போ அயினியோ வேர் அறுந்து விழுந்தால் பிழைப்பது அபூர்வம். எதுவானாலும் ரெண்டு மூன்று நாளில் தூக்கிவிட வேண்டும், அதுவரை வேரில் ஈரச் சாக்கு கிடக்க வேண்டும். நாங்கள் இதெல்லாம் செய்தோம். ஆனால் வெறும் சங்கிலியைச் சுற்றி இழுத்ததில் பட்டை வளையமாக உரிந்துவிட்டது. இலை சமைக்கும் சாப்பாடு வேருக்கு இறங்குவது அந்தப் பட்டை வழியாகத்தான். தையில் தளிர்விட்ட மரம் சித்திரையில் காய்ந்தது. ஒரு பழைய டயரை இடையில் கொடுத்திருக்கலாம்.

முறிந்த கொப்பைக் கழிப்பதில் கூட்டமும் இல்லை, பெரிய செலவும் இல்லை. என் ஓட்டு இதற்குத்தான். முறிந்த கொப்பை ஒரே வெட்டில் இறக்கினால் அதன் கனம் தாய்மரத்துப் பட்டையையும் வாழைநார் மாதிரி கிழித்துக்கொண்டு போகும். அதனால் ஒரு அடி தள்ளி முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுத்து, அதற்கும் வெளியே மேலிருந்து அறுத்துக் கனத்தை இறக்க வேண்டும். மிச்சக் குச்சியைக் கடைசியில் எடுக்கலாம். கொப்பு சேரும் இடத்தில் மோதிரம்போல ஒரு புடைப்பு இருக்கும். அதைத் தொடாமல், அதை ஒட்டி வெளியே அறுக்க வேண்டும். தாரும் பெயின்டும் பூச வேண்டியதில்லை. அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்தவர். பூச்சு அழுகலைத் தடுக்காது, மரமே காயத்தைச் சுற்றி அடைத்துக்கொள்கிறது என்பதுதான் அவர் கண்டது. மொட்டை மட்டும் அடிக்கக் கூடாது. அதில் வரும் தளிர்க் கொப்புகள் மேலோடு ஒட்டியவை, அடுத்த காற்றிலேயே முறியும்.

போத்து, அதாவது வேரில்லாத கொப்பு, நடுவதற்குக் காசே வேண்டாம். விழுந்த அரசிலும் பூவரசிலும் கைத்தண்டை பருமனில் ஆறேழு அடிக்கு வெட்டி, ரெண்டடி ஆழத்தில் ஊன்றினால் போதும். துளிர்த்துவிடும். ஆணிவேர் இருக்காது என்பதால் ரோட்டோரத்துக்கு வேண்டாம், குளக்கரைக்குச் சரி. கார்த்திகைக்கு அப்புறம் ஊன்றினால் கோடை முழுக்கத் தண்ணீர் சுமக்க வேண்டும்.

அடிமரமே பிளந்து வீட்டின்மேல் சாய்கிறதென்றால் வெட்டத்தான் வேண்டும். அரசு நிலத்து மரமென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை.

காய்ந்த அரசு நின்ற இடத்தில் இப்போது அதன் போத்து ஒன்று நிழல் தருகிறது. வேம்பின் வெட்டுவாயில் பட்டை உதடுபோல உருண்டு வந்துவிட்டது. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இன்னும் மூடவில்லை.