டை பிரஸ்ஸா, ஐசோ பிரஸ்ஸா? கார்பன் கட்டி செய்ய இறங்குகிறவர்களுக்கு

கார்பன் கட்டி தொழிலில் இறங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, கார்பன் தூளைக் கட்டியாக அமுக்க "எந்த பிரஸ் போடலாம்?" என்றுதான். எஃகு அச்சில் போட்டு அமுக்குவது டை பிரஸ், ரப்பர் பையில் போட்டு எல்லாப் பக்கமும் தண்ணீரால் அமுக்குவது ஐசோ பிரஸ். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் நாங்கள் நடத்தும் சின்ன யூனிட்டில் இந்த முடிவை எடுத்து, அதை வைத்தே ஓட்டிக்கொண்டும் இருக்கிறோம். அதனால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஐசோ பிரஸ் பக்கம். அதற்காக டை பிரஸ்ஸை விற்றுவிடவில்லை. அது தினமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

எங்களுக்குச் சோறு போடுவது சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோவை பம்பு தொழில். போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரின் அடியில், மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்க ஒரு த்ரஸ்ட் பேரிங் உண்டு. ஒரு பக்கம் எவர்சில்வர் பட்டைகள், இன்னொரு பக்கம் கார்பன் தட்டு, நடுவில் தண்ணீர். எண்ணெய், கிரீஸ் எதுவும் கிடையாது. கொங்குப் பக்கம் 1000 அடியைத் தாண்டி போர் போடுகிறார்கள். ஆழம் கூடினால் பம்பில் ஸ்டேஜ் (தண்ணீரைத் தள்ளும் சக்கர அடுக்கு) கூடும், ஸ்டேஜ் கூடினால் கீழே தள்ளும் பாரம் கூடும். அத்தனையும் அந்தத் தட்டின் மேல்தான் உட்காரும். தட்டுக்குள் பொத்தல் இருந்தாலோ ஒரு மூலை மட்டும் தளர்ந்திருந்தாலோ, மோட்டாரை மேலே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். 1000 அடி பைப்பைக் கழற்றி ஏற்றும் விவசாயிக்கு அது என்ன செலவு என்று சொல்ல வேண்டியதில்லை. தட்டு மட்டுமில்லாமல் தடித்த புஷ், சீல் ரிங் எல்லாமே கட்டியிலிருந்து வெட்டி எடுப்பதுதான். கட்டி சரியாக இருந்தால் மற்றதெல்லாம் லேத் வேலை.

மூலப்பொருள் எந்த பிரஸ்ஸுக்கும் ஒன்றுதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அதிகச் சூட்டில் காய்ச்சிய (கால்சைன் செய்த) பெட்ரோலியம் கோக்கை, அதாவது எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரியை, மாவாக அரைத்து, கொஞ்சம் கிராஃபைட் தூள் சேர்த்து, துகள்களை ஒட்டவைக்கும் நிலக்கரித் தார் பிட்ச்சோடு 150, 160 டிகிரியில் பிசைவது. ஆறவைத்து மறுபடி அரைத்துச் சலித்தால் பிரஸ்ஸுக்குப் போகும் தூள் தயார். "கொச்சி ரிஃபைனரியிலேயே பெட்கோக் வருகிறதே, ஏன் வேறு இடம் போக வேண்டும்?" என்று கேட்பார்கள். அது எரிப்பதற்கான கோக், கந்தகம் அதிகம். நமக்கு வேண்டியது கந்தகம் குறைந்த, முறையாகக் காய்ச்சிய கோக். தெற்கே அதற்கு விசாகப்பட்டினம் போன்ற இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ட்ரூஷன் என்று ஒரு முறை உண்டு, சூடான கலவையை ஒரு வாய் வழியாகத் தள்ளி நீளமாக எடுப்பது. எஃகு உருக்கும் ஆர்க் ஃபர்னஸ் எலக்ட்ரோடுகள் அப்படித்தான் வருகின்றன. நம் வேலைக்கு அது வேண்டாம். துகள்கள் எல்லாம் தள்ளிய திசையிலேயே படுத்துக்கொள்ளும், கட்டி நீளவாட்டில் ஒரு மாதிரியும் குறுக்கே வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். அதிர்வு கொடுத்து இறுக்கும் முறை அலுமினிய ஆலை ஆனோடு மாதிரிப் பெரிய கட்டிகளுக்கானது. அதையும் விட்டுவிடலாம்.

இனி டை பிரஸ். எஃகு அச்சு, மேலே ஒரு பஞ்ச், ஹைட்ராலிக் அழுத்தம். வேகமான வேலை, விலையும் கையடக்கம், பழுது வந்தால் கோவையிலேயே பார்க்க ஆள் உண்டு. மெல்லிய தட்டு, சின்ன ரிங் என்றால் வேண்டிய வடிவத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடும், லேத்தில் கொஞ்சம் சீவினால் போதும். தடிமன் கூடும்போதுதான் வினை. புட்டுக் குழாயில் மாவை மேலிருந்து மட்டும் திணித்தால் மேலே இறுகி அடியில் பொலபொலவென்று இருக்குமே, அதேதான் இங்கும் நடக்கிறது. அச்சுச் சுவரோடு தூள் உரசி உரசி, கொடுத்த அழுத்தத்தில் ஒரு பங்கு சுவருக்கே போய்விடுகிறது, ஆழத்தில் இருக்கும் தூளுக்கு மிச்சம்தான் கிடைக்கிறது. மேலும் கீழும் இரண்டு பஞ்ச் வைத்து அழுத்தினால் இந்தப் பிரச்சினை குறையும், தீராது. தளர்ந்த பகுதி அடியிலிருந்து நடுவுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். கட்டியின் உயரம் அகலத்தைவிடக் கூடக் கூட இது மோசமாகும்.

ஐசோ பிரஸ்ஸில் அச்சுக்குப் பதில் ரப்பர் பை. தூளை நிரப்பி, அதிர்வு கொடுத்து அமரவைத்து, வாயை மூடிக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, தண்ணீர் நிறைந்த தடித்த எஃகுக் கலத்தில் இறக்குகிறோம். மூடியைப் பூட்டி அழுத்தம் ஏற்றுவது 1000 முதல் 1500 பார் வரை. பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான்: தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அமுக்குகிறது. உரசுவதற்குச் சுவர் கிடையாது. வெளியே எடுத்து வெட்டிப் பார்த்தால் நடுவும் ஓரமும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி. துகள்களும் எந்தத் திசையிலும் சாய்ந்து படுக்காததால், கட்டியை எந்தப் பக்கமாகவும் அறுக்கலாம். ஒரே கட்டியில் தட்டும் புஷ்ஷும் மாற்றி மாற்றி வெட்ட முடிவதால் துண்டு துக்கடா குறைகிறது.

இதெல்லாம் எந்த மெஷின் விற்பனையாளரும் சொல்லுவார். என்னை முடிவெடுக்க வைத்தது பிரஸ் இல்லை, சூளை.

பிரஸ்ஸிலிருந்து வந்த, இன்னும் வேகாத பச்சைக் கட்டியை அப்படியே நெருப்பில் வைக்க முடியாது. பெட்டியில் அடுக்கி, நாலு பக்கமும் கோக் குருணை போட்டு மூடி, காற்றுப் படாமல் சுமார் 1000 டிகிரி வரை ஏற்ற வேண்டும். இதில் 350 முதல் 600 டிகிரி வரையிலான பகுதிதான் கண்டம். பிட்ச் இளகி, அதில் கிட்டத்தட்டப் பாதி வாயுவாகப் போய், மீதி கரியாக நின்று துகள்களைக் கட்டுகிறது. வாயு வெளியேறும்போதே கட்டி சுருங்குகிறது. அவசரப்பட்டால் உள்ளே மாட்டிய வாயு கட்டியைப் பிளந்துகொண்டு வெளியே வரும். தடித்த கட்டிக்கு மணிக்கு 2 டிகிரி என்று ஏற்றினால் இந்த 250 டிகிரியைக் கடக்க மட்டும் 125 மணி நேரம், ஐந்து நாளுக்கு மேல். அதற்கு முன்னும் பின்னும் ஏற்றுவது, பிறகு ஆறவிடுவது எல்லாம் சேர்த்தால் ஒரு சூளை வாரக்கணக்கில் போகும். முடிந்ததா என்றால் இல்லை. வாயு போன இடமெல்லாம் நுண்துளை. கட்டியை வெற்றிடத்தில் வைத்து, உருகிய பிட்ச்சை அழுத்தத்தோடு ஏற்றி, மறுபடி ஒரு சூளை.

இப்போது யோசியுங்கள். டை பிரஸ்ஸில் வந்த தடித்த கட்டியில் மேலே இறுக்கம், கீழே தளர்வு. இறுகிய இடம் குறைவாகச் சுருங்கும், தளர்ந்த இடம் அதிகமாகச் சுருங்கும். ஒரே உடம்பு இரண்டு விதமாகச் சுருங்கினால் எங்காவது கிழிந்துதான் ஆக வேண்டும். இந்த இறுக்க வித்தியாசம் கட்டி பிரஸ்ஸிலிருந்து வெளியே வரும்போது கண்ணுக்குத் தெரியாது, தட்டிப் பார்த்தாலும் தெரியாது. சூளை முடிந்து திறக்கும்போதுதான் கிழிசலாகத் தெரியும். சில சமயம் அப்போதும் தெரியாமல், லேத்தில் பாதி வேலை முடிந்தபின் மோதிரம் மாதிரிக் கழன்று வரும்.

எங்கள் சூளையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் இதை ஒரே வரியில் சொல்வார்: "தம்பி, பச்சையில உடைஞ்சா திரும்ப அரைச்சுக்கலாம். வெந்தப்புறம் உடைஞ்சா என்ன பண்ணுவே?" இரும்பு, பித்தளை என்றால் உருக்கி மறுபடி வார்க்கலாம். வெந்த கார்பன் உருகாது. பச்சைக் கட்டி உடைந்தால் நசுக்கித் தூளோடு சேர்த்துவிடலாம், போனது பிரஸ் கூலி மட்டும்தான். வெந்தது உடைந்தால் கோக், பிட்ச், எரிபொருள், சூளையில் அது அடைத்துக்கொண்டிருந்த இடம், அந்த வாரங்கள் எல்லாம் போச்சு. நசுக்கி, சூளையில் கட்டியைச் சுற்றி மூடும் பேக்கிங் குருணையாகப் போடலாம், அல்லது கோவை பவுண்டரிகளுக்கு இரும்பில் கார்பன் ஏற்றத் தூள் விலைக்குத் தள்ளலாம். கட்டி விலை எங்கே, தூள் விலை எங்கே?

ஒரு சூளையில் 100 கட்டி வைத்து 15 பிளந்தால் நஷ்டம் 15 சதவீதம் என்று நினைக்காதீர்கள். சூளைச் செலவு 100 கட்டிக்கும் ஆனது, அதை 85 கட்டி சுமக்கிறது. இரண்டாவது சூளையிலும் சில போகும், மிஞ்சியவை அதையும் சேர்த்துச் சுமக்கும். ஆர்டருக்கு எண்ணிக்கை குறைந்தால் இன்னொரு சூளை ஏற்ற வேண்டும், பார்ட்டி அதுவரை காத்திருக்க மாட்டார். அதனால் பிரஸ் விலையை பிரஸ்ஸோடு ஒப்பிடாதீர்கள். சூளையிலிருந்து முழுசாக வெளியே வரும் ஒரு கிலோவுக்கு என்ன செலவு என்று பாருங்கள். தடித்த கட்டிக்கு அந்தக் கணக்கில் ஐசோ ஜெயிக்கிறது. எங்களிடம் சூளை முடிந்து கழிக்கும் கட்டிகள் நன்றாகவே குறைந்திருக்கின்றன.

வெந்த கட்டியைச் சோதிக்க நாங்கள் செய்வது எளிமையான காரியம். மரச் சுத்தியால் தட்டினால் நல்ல கட்டி கணீரென்று ஒலிக்கும், பிளவு உள்ளது மொத்தென்று அடங்கும். சந்தேகம் வந்தால் தின்னரைத் துணியில் நனைத்து மேலே துடைக்க வேண்டும். சீக்கிரமே மேற்பரப்பு காய்ந்து சாம்பல் நிறமாகிவிடும். பிளவு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு தலைமுடி அளவுக் கறுப்புக் கோடு ஈரமாக நிற்கும். அப்புறம் எடை போட்டு, அளந்து, அடர்த்தி. சுருதி மாறாமல் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.7 கிராமுக்கு மேல் வந்தால் எங்களுக்குத் திருப்தி.

ஐசோவின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, நுண்ணிய தூளை இவ்வளவு இறுக்கினால் வாயு வெளியேறும் வழியும் குறுகிவிடும். ஆகவே சூளையை இன்னும் மெதுவாக ஏற்ற வேண்டியிருக்கும். டை பிரஸ் கட்டிக்குப் போட்ட அதே அட்டவணையைப் போட்டால் சீரான கட்டியும் பிளக்கும். இரண்டாவது, அழுத்தத்தை இறக்கும் வேகம். படாரென்று இறக்கினால் கட்டிக்குள் மிஞ்சியிருக்கும் காற்று விரிந்து, கட்டி அடுக்கடுக்காகப் பெயரும். ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் ஆபரேட்டருக்குப் பொறுமை வேண்டும். மூன்றாவது, பை. கேரளத்தில் இருந்துகொண்டு ரப்பருக்கு அலைய வேண்டியதில்லை, இயற்கை ரப்பர் பை நன்றாகவே இழுத்துக்கொடுக்கும். ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும், அதனால் கலத்தில் துரு பிடிக்காத மருந்து கலந்த தண்ணீர் மட்டும்தான். பை எங்காவது கசிந்தால் அந்தக் கட்டி சேறாக வரும். பையைத் தினமும் வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்ப்பது ஒரு வேலை. நாலாவது, வேகம். டை பிரஸ் வரிசையாகத் தள்ளிக்கொண்டே இருக்கும் நேரத்தில் ஐசோ ஒரு சுற்றை முடித்து மூடியைத் திறந்துகொண்டிருக்கும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கதி, மழை. ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்க ஆரம்பித்தால் பேக்கிங் குருணை நனைந்துவிடும். அந்த ஈரம் சூளையில் நீராவியாகி, சூட்டில் கட்டியின் தோலை அரிக்கும். குருணையை வறுத்துக் காயவைத்துத்தான் போட வேண்டும். எந்த பிரஸ் வாங்கினாலும் இது உண்டு. பிட்ச் பற்றியும் அப்படித்தான். பிட்ச் தூசி தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் தீக்காயம் போல எரியும். உடைத்து அளக்கும் வேலையை விடிவதற்கு முன் முடிப்பது, முழுக்கை சட்டை, முகமூடி, புகையை இழுத்து எரித்துவிடும் அமைப்பு, இவற்றில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதீர்கள். நிலக்கரித் தார் பிட்ச் புற்றுநோய் தரும் பொருள் என்பது நிரூபணமானது. ஆட்களின் உடம்பு நம் பொறுப்பு.

கிராஃபைட்டாக மாற்றுவது தனி உலகம். எட்வர்ட் அச்செசன் 1896-இல் காப்புரிமை வாங்கிய வழியில் மின்சாரத்தைப் பாய்ச்சி 2500 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். எங்கள் வேலை கார்பன் நிலையிலேயே நின்றுவிடுகிறது, தண்ணீருக்குள் தேயாமல் ஓட கார்பனின் அந்தக் கடினம்தான் வேண்டும். ஆகவே மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஈடிஎம் மெஷினின் எலக்ட்ரோடு, உலோகத்தைத் தொடர்ந்து வார்க்கும் தொடர்வார்ப்பு டை மாதிரி கிராஃபைட் கட்டிக்கு எந்த பிரஸ் லாபம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், அது அந்த வேலை செய்கிறவர்கள் சொல்ல வேண்டியது. நுண்துளைகளில் ஆண்டிமனி உலோகத்தை ஏற்றிய கார்பனும் அப்படியே, பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி.

ஆக, உங்கள் ஆர்டரில் பெரும்பகுதி 25, 30 மில்லிமீட்டருக்கு உட்பட்ட தட்டும் ரிங்கும் என்றால் டை பிரஸ்ஸே போதும், ஐசோவுக்குப் பணம் கொட்ட வேண்டாம். அதைத் தாண்டிய தடிமன், பல அளவுகள், கொஞ்சம் கொஞ்சமாக ஆர்டர் என்றால் கடன் வாங்கியாவது ஐசோ போடலாம் என்பேன். ஒரு பையில் வந்த கட்டியை எத்தனையோ அளவாக வெட்டலாம், ஒவ்வொரு அளவுக்கும் டை அடிக்கிற செலவு மிச்சம்.

பழைய ஐசோ பிரஸ் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். 1500 பாரில் தண்ணீரே 5, 6 சதவீதம் சுருங்குகிறது, அந்தச் சக்தி முழுவதும் கலத்துக்குள் அடைபட்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றும் எஃகைக் களைப்படையச் செய்யும். அதுவரை எத்தனை சுற்று ஓடியது என்ற பதிவேடு, மூடியின் மரையிலும் கலத்தின் உள்சுவரிலும் அல்ட்ராசோனிக் சோதனை செய்த சான்று, இரண்டும் இல்லாத கலத்தை இரும்பு விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பம்ப், வால்வு, குழாய் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். கலம் மட்டும் புதிதாக, சோதனைச் சான்றோடு இருக்கட்டும்.